பற்றுவரவு

பகலில் நான் யோர்க் வீதி வங்கியொன்றில்
மூன்றாம் கவுன்டர்.
இரவில் கொட்டாஞ்சேனை டயர் கடைக்கு மேலே
பேஸ் கிட்டார்.
அதனால்தான் கொப்பி என் கைக்கு வந்தது.

நூற்றறுபது பக்கச் சி.ஆர். கொப்பி.
முதல் வரி யசோமதியின் கையெழுத்து:
ஒன்பது பாட்டு. ஸ்டூடியோ மணிக்கு எண்ணூறு.
கையில் இருப்பது நாலாயிரத்துப் பத்து.

கசெட் கம்பனியில் கேட்டார்கள்:
தமிழ் ரொக்? கொழும்பில்? எவன் வாங்குவான்?
நியாயமான கேள்வி.
அதையே டெஸ்மன் காசிச்செட்டி
வெள்ளவத்தை நெட் கபே ஒன்றில்
மணிக்கு அறுபது ரூபாய் கொடுத்துக் குந்தியிருந்து
எங்கள் கச்சேரிகளில் முகவரி எழுதித் தந்த
எழுபத்திரண்டு பேருக்கும் அனுப்பினான்.
யார் வாங்குவீர்கள்?
வாங்குவதென்றால் இப்பவே வாங்குங்கோ.
பாட்டு பிறகு வரும்.

இதற்கு அப்போது ஒரு பெயரும் இருக்கவில்லை.
இம்தாத்தின் உம்மா மட்டும்
"சீட்டுத்தானே மகன்" என்றார்.
"இல்ல உம்மா. சீட்டு மாசம் ஒருத்தருக்கு விழும்.
இது எல்லாருக்கும் ஒரே நாளில விழும்."
"விழாட்டி?"
அவன் ட்ரம் குச்சியால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தான்.

எழுபத்திரண்டு எப்படி இருநூற்றுப் பதினொன்றானது,
எனக்குத் தெரியாது.
நான் வரவு மட்டும் எழுதினேன்.
பல் வைத்தியர், தெஹிவளை, ஐநூறு.
155 பஸ் கண்டக்டர் பிரசன்ன,
தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, நூறு,
எல்லாம் பத்து ரூபாய்த் தாள், வியர்வையோடு.
ஸ்கார்பரோவிலிருந்து இருபது டொலர்,
கூடவே ஒரு குறிப்பு:
"சீடி வேண்டாம்.
ரெக்கோர்ட் பண்ணும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறவுங்கோ.
கடற்கரை ரயில் விழட்டும்."

சவுண்ட் எஞ்சினியர் நிஹால் மூன்று தரம் ஜன்னலைப் பூட்டினார்.
நாலாவது தரம்
எங்களைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார்,
கொக்கியை எடுத்துவிட்டு வெளியே போய்ச் சிகரெட் பற்றவைத்தார்.

ஐந்து பாட்டு முடிந்தபோது யசோமதிக்கு விசா வந்தது.
அழுதாள். போனாள்.
அவள் இடத்தில் நானும் போயிருப்பேன்.

காசைத் திருப்பித் தருகிறோம் என்று எழுதினோம்.
இருநூற்றுப் பதினொரு பேருக்கும்.
அந்தக் கிழமை வங்கியில்
தாள்களை எண்ணும்போதெல்லாம்
நான் எங்கள் கடனையே எண்ணினேன்.

ஒருத்தி மட்டும் கேட்டாள்.
மரியகொரற்றி,
கிராண்ட்பாஸ் அச்சகத்தில் பைண்டிங் வேலை.
"வீட்டு வாடகை அக்கா. குறை நினைக்க வேண்டாம்."
முந்நூறு கொடுத்தேன்.
அவள் பெயருக்கு மேலே சிவப்புக் கோடு.

மற்றவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.
பல் வைத்தியர் மாத்திரம் எழுதினார்:
"ஆர் பாடினாலும் பரவாயில்லை. பாடுங்கோ."

பாடினேன்.
மிச்ச நாலையும் நான்தான் பாடினேன்.
நல்லாப் பாடவில்லை.
ஏழாவது பாட்டில் சுருதி விலகும் இடத்தில்
நல்லவேளை, ரயில் வருகிறது.

உறையில் பெயர்கள் அச்சாகின.
பாட்டு வரிகளைவிடப் பெயர்களுக்கே
கூடத் தாள் போனது.
பிரசன்ன தன் பெயரைத் தமிழில் கண்டு
இதுதானா நான் என்று கேட்டு
கோள்பேஸ் தாண்டும்வரை
டிக்கெட் கிழிக்க மறந்தான்.

ஆறு கிழமை கழித்து
சாப்பாட்டு நேரத்தில் என் கவுன்டருக்கு வந்தாள் மரியகொரற்றி.
விரல்களில் பசை காய்ந்திருந்தது.
கண்ணாடிக்குக் கீழால் இருநூறைத் தள்ளினாள்.
"மிச்சம் நூறு வாற மாசம்."
"சீடி வெளியே வந்திட்டுது," என்றேன். "இனிக் காசு தேவையில்லை."
"தெரியும். உறையை மடிச்சதே நான்தான்.
என்ர பெயர் இல்லை."

கடன் வாங்கியவனைத் துரத்துவது எனக்குப் பழக்கம்.
கொடுத்தவளுக்கே கடன்பட்டவளை
அன்றுதான் கண்டேன்.

நூறு ரூபாய் அவள் பக்கம் பற்று என்று எழுதினேன்.
அடுத்த மாதம் அவள் வந்தாளா என்பதைச் சொல்லமாட்டேன்.
கொப்பி இன்னும் சமப்படவில்லை.
சிவப்புக் கோட்டின் மேலே
அவள் பெயரை மறுபடி எழுதியிருக்கிறேன்,
நீல மையில்,
கொஞ்சம் பெரிதாக.